மாடிசனா, மன்றோவா? 1789 வர்ஜீனியா தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். "அடிப்படை உரிமைகள்: அமெரிக்காவிடமிருந்து எடுத்தது" என்ற வரியை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அமெரிக்காவுக்கு அது எப்படி வந்தது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். அப்போது நான் சொல்வது ஒரு தேர்தல் கதை. 1789 பிப்ரவரி 2, வர்ஜீனியாவின் 5ஆவது தொகுதி. கதை முடிந்ததும் வருகிற சந்தேகங்கள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

சார், முதல்ல இது என்ன தேர்தல்னு ரெண்டு வரியில சொல்லுங்க.

அமெரிக்காவின் புதிய அரசியல் சாசனப்படி அமைந்த முதல் நாடாளுமன்றத்தில், பிரதிநிதிகள் சபைக்கு நடந்த தேர்தல். வர்ஜீனியாவுக்கு 10 இடங்கள். அதில் 5ஆவது தொகுதியில் ஜேம்ஸ் மாடிசனும் ஜேம்ஸ் மன்றோவும் நேருக்கு நேர் நின்றார்கள். மாடிசனுக்கு 1,308 ஓட்டு, மன்றோவுக்கு 972. மாடிசன் 336 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அன்று மாடிசனுக்கு வயது 37, மன்றோவுக்கு 30. பின்னாளில் இருவரும் அடுத்தடுத்து ஜனாதிபதி ஆனார்கள். மாடிசன் 1809 முதல் 1817 வரை, மன்றோ 1817 முதல் 1825 வரை. வருங்கால ஜனாதிபதிகள் இருவர் பிரதிநிதிகள் சபையின் ஒரே இடத்துக்கு மோதிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

மன்றோன்னா சென்னையில குதிரை மேல சிலையா இருக்காரே, அவரா?

இல்லை. தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் இருப்பவர் தாமஸ் மன்றோ. ஸ்காட்லாந்தில் பிறந்து சென்னை மாகாண கவர்னராக இருந்தவர். நம் கதையில் வருபவர் ஜேம்ஸ் மன்றோ, வர்ஜீனியாவில் பிறந்த அமெரிக்கர். தமிழில் எழுதும்போது இரண்டு பெயரும் ஒன்றாகிவிடுகிறது, அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள் என்பதால் குழப்பம் வருவது இயல்பே.

சாசனம் 1787-லயே எழுதியாச்சே, அப்புறம் 1789-ல என்ன முதல் தேர்தல்?

1787 கோடையில் பிலடெல்பியாவில் எழுதியது வரைவு மட்டுமே. அதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக ஒரு மாநாடு கூட்டி ஏற்க வேண்டும், 9 மாநிலங்கள் ஏற்றால் நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. 1788 ஜூனில் அந்த எண்ணிக்கை எட்டியது. வர்ஜீனியா மாநாடு 1788 ஜூன் 25 அன்று ஏற்றது, 89-க்கு 79 என்ற கணக்கில். 168 பேரில் 5 பேர் மாறியிருந்தால் கவிழ்ந்திருக்கும். அந்த மாநாட்டில் மாடிசன் ஆதரவாக ஓட்டுப் போட்டார், மன்றோ எதிராக.

நாம் பேசுகிற தேர்தலின் எல்லா மனத்தாங்கலும் அந்த 89-79-ல்தான் ஆரம்பிக்கிறது. எதிர்த்தவர்களின் முக்கியமான குறை: மத்தியில் இவ்வளவு பலமான அரசை உண்டாக்கிவிட்டு, குடிமகனின் உரிமை என்று ஒரு பட்டியல்கூட இல்லையே!

மாடிசன் அவ்வளவு பெரிய ஆளுன்னா நேரா செனட்டுக்குப் போயிருக்கலாமே?

போக முயன்றார், தோற்றார். அப்போது செனட்டர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். வர்ஜீனியா சட்டமன்றம் பேட்ரிக் ஹென்றியின் கைக்குள் இருந்தது. 1788 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ரிச்சர்டு ஹென்றி லீ 98, வில்லியம் கிரேசன் 86, மாடிசன் 77. இடங்கள் இரண்டு. லீ, கிரேசன் இருவருமே சாசனத்தை எதிர்த்தவர்கள். சாசனத்தை உருவாக்குவதில் முன்னால் நின்றவருக்குச் சொந்த மாநிலமே கதவைச் சாத்தியது.

இந்த ஹென்றிக்கு மாடிசன் மேல என்ன அவ்வளவு கோபம்?

பேட்ரிக் ஹென்றியை வில்லனாக நினைக்க வேண்டாம். பிரிட்டனை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், பெரிய பேச்சாளர், வர்ஜீனியாவின் கவர்னராக இருந்தவர். பிலடெல்பியா மாநாட்டுக்குத் தேர்வாகியும் போகாமல் இருந்தார். ஒரு ராஜாவிடமிருந்து தப்பித்து வந்த நாம் இன்னொரு ராஜாவை உண்டாக்குகிறோமோ என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

அந்தப் பயம் தனிப்பட்ட பகையாகவும் மாறியது. மாடிசனைத் தேர்ந்தெடுத்தால் நாடெங்கும் ரத்த ஓடைகள் ஓடும் என்கிற மாதிரி சட்டமன்றத்தில் அவர் பேசியதாக மாடிசனுக்கு நண்பர் ஒருவரிடமிருந்து கடிதம் போனது. நான்கு மாதம் முன்பு மாநாட்டில் தோற்ற காயம் அப்போது ஆறியிருக்கவில்லை.

மாடிசனைத் தோற்கடிக்கத் தொகுதியையே வெட்டி ஒட்டினாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?

பாதி உறுதி, பாதி விவாதம். ஆரஞ்சு, கல்பெப்பர், அல்பமார்ல், லூயிசா, ஸ்பாட்சில்வேனியா, ஆம்ஹர்ஸ்ட், ஃபுளுவன்னா, கூச்லண்ட் என்று எட்டு கவுன்ட்டிகளைச் சேர்த்து அந்தத் தொகுதி அமைந்தது (கவுன்ட்டியை நம் தாலுகா அல்லது சிறிய மாவட்டம் போல வைத்துக்கொள்ளுங்கள்). மாடிசனின் வீடு ஆரஞ்சு கவுன்ட்டியில். 1788 மாநாட்டுக்குக் கவுன்ட்டிக்கு இரண்டு பேர் போனார்கள் அல்லவா, இந்த எட்டில் ஐந்து கவுன்ட்டிகளின் பிரதிநிதிகள் சாசனத்தை எதிர்த்தவர்கள். ஆரஞ்சும் அல்பமார்லும் ஆதரவு, லூயிசாவில் ஒருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. மாடிசனின் நண்பர்கள் இதைச் சதி என்றே நம்பினார்கள். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் தொகுதி ஒன்றும் கோணல்மாணலாக இல்லை, அக்கம்பக்கத்துக் கவுன்ட்டிகள்தான். அதனால் சில வரலாற்றாசிரியர்கள் சதி என்ற கருத்தை ஏற்பதில்லை. எனக்கும் அந்த வாதம் வலுவாகவே படுகிறது.

சந்தேகமே இல்லாதது வேறொன்று. வேட்பாளர் தொகுதிக்குள் ஒரு வருடம் வசித்திருக்க வேண்டும் என்று சட்டமன்றம் ஒரு நிபந்தனை போட்டது. சாசனம் கேட்பது மாநிலத்தில் வசிப்பதை மட்டுமே. மாடிசன் வேறு சாதகமான தொகுதிக்குப் போய் நிற்கும் வழி இதனால் அடைபட்டது. தொகுதியை வளைத்து வரைவதற்கு "ஜெரிமாண்டரிங்" என்ற பெயர் 1812-ல்தான் வந்தது, மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெரியின் பெயரிலிருந்து. அதே ஜெரி 1813-ல் மாடிசனுக்குத் துணை ஜனாதிபதி ஆனார்!

அப்போ யாருக்கெல்லாம் ஓட்டு? பெட்டி, சீட்டு எல்லாம் இருந்துச்சா?

பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. 21 வயது நிரம்பிய, சொந்த நிலம் வைத்திருந்த வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும் ஓட்டு. வெறும் நிலம் என்றால் 50 ஏக்கர். 12 அடிக்கு 12 அடி வீடு ஒன்று அதில் இருந்தால் 25 ஏக்கர் போதும். பெண்களுக்குக் கிடையாது, நிலமில்லாதவர்களுக்குக் கிடையாது, கறுப்பின மக்களுக்குக் கிடையாது. இதைப் பற்றிக் கடைசிப் பக்கம் ஒரு கேள்வி வருகிறது, அங்கே விரிவாகச் சொல்கிறேன்.

ஓட்டுப் போடும் முறையைக் கொஞ்சம் கண்முன் கொண்டு வாருங்கள். கவுன்ட்டி நீதிமன்றக் கட்டடம். ஷெரிஃப்தான் தேர்தல் அதிகாரி. மேசையில் எழுத்தர் தாளை விரித்து வைத்திருக்கிறார், வேட்பாளருக்கு ஒரு பத்தி. ஒருவர் முன்னால் வந்து நிற்கிறார். யாருக்கு ஓட்டு என்ற கேள்விக்கு எல்லோர் காதிலும் விழும்படி வாய்விட்டுப் பெயரைச் சொல்கிறார். எழுத்தர் அவர் பெயரை அந்தப் பத்தியின் கீழ் எழுதுகிறார். வேட்பாளர் அங்கே இருந்தால் எழுந்து நன்றி சொல்வது வர்ஜீனியா வழக்கம். பக்கத்து நிலத்துக்காரர், கடன் கொடுத்தவர், போதகர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரகசிய வாக்கெடுப்பில் பழகிய நமக்கு இதை நினைத்தாலே சங்கடமாக இருக்கும்.

கட்சி, சின்னம்?

சின்னம் கிடையாது. இன்று நாம் சொல்கிற கட்சியும் கிடையாது. சாசனத்தை ஆதரித்தவர்கள் ஃபெடரலிஸ்டுகள், எதிர்த்தவர்கள் எதிர்-ஃபெடரலிஸ்டுகள் என்ற இரண்டு அணிகள் இருந்தன. மாடிசன் முதல் அணி, மன்றோ இரண்டாவது அணி.

மாடிசன் அப்போ நியூயார்க்ல இருந்தாராமே, ஊருக்கு வராமலே ஜெயிச்சிடலாம்னு நெனச்சாரா?

நினைத்தார் என்பதைவிட, ஆசைப்பட்டார் என்று சொல்லலாம். ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போவது அவருக்குப் பிடிக்காத காரியம். 1777-ல் மாநில சட்டமன்றத் தேர்தலில், வாக்காளர்களுக்கு மது ஊற்றும் வழக்கத்துக்கு உடன்பட மறுத்துத் தோற்றவர் அவர். அன்று ஜெயித்த சார்லஸ் போர்ட்டர் மதுவிடுதி நடத்தியவர். போதாததற்கு 1788 டிசம்பரில் மூல நோய் வேறு. குளிரில் நாட்கணக்காக வண்டிப் பயணம் என்றால் எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

ஆனால் ஊரிலிருந்து நண்பர்கள் எழுதிய கடிதங்கள் அவரை உட்கார விடவில்லை. "மாடிசன் சாசனத்தில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த விடமாட்டார், உரிமைகள் மசோதாவே (சாசனத்தில் சேர்க்கக் கேட்ட உரிமைப் பட்டியல்) வேண்டாம் என்கிறார்" என்ற பேச்சு தொகுதி முழுக்கப் பரவியிருந்தது. நேரில் வந்து மறுத்தால்தான் ஆச்சு. வழியில் கிறிஸ்துமஸை ஒட்டி மவுண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டில் தங்கிவிட்டு, ஆரஞ்சு கவுன்ட்டியில் உள்ள மான்ட்பெலியர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தேர்தலுக்கு ஒரு மாதம்தான் பாக்கி.

வந்ததும் கடிதம் எழுத உட்கார்ந்தார். அதில் முக்கியமானது 1789 ஜனவரி 2 அன்று ஜார்ஜ் ஈவ் என்ற பாப்டிஸ்ட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) போதகருக்கு எழுதியது. சாரம் இதுதான்: மற்றவர்கள் சொன்ன அளவுக்கு ஆபத்து சாசனத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை, ஏற்பதற்கு முன்பே திருத்தம் கேட்பது ஆபத்து என்று எதிர்த்தேன், இப்போது நிலைமை மாறிவிட்டது, சாசனம் திருத்தப்பட வேண்டும், முதல் நாடாளுமன்றமே அதைச் செய்ய வேண்டும் என்பது என் உண்மையான கருத்து. மனசாட்சி உரிமை முழு அளவில், பத்திரிகைச் சுதந்திரம், ஜூரி விசாரணை, பொத்தாம்பொதுவான சோதனை வாரண்டுகளிலிருந்து பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதினார்.

பனியில மூக்கு உறைஞ்சு போன கதை உண்மையா, பிற்காலத்துல கட்டினதா?

மாடிசனே சொன்னது. 1827-ல், கிழவரான பிறகு, வீட்டுக்கு வந்த நிக்கோலஸ் டிரிஸ்ட் என்பவரிடம் சொல்ல, அவர் எழுதி வைத்தார். கல்பெப்பர் பகுதியில் ஜெர்மன் வம்சாவளி லூத்தரன் மக்கள் கூட்டமாக வாழ்ந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாக ஓட்டுப் போடுவார்கள், அவர்கள் ஓட்டு முடிவையே மாற்றக்கூடும். எனவே மாடிசன், மன்றோ இருவரும் அந்தத் தேவாலயத்துக்குப் போனார்கள். ஹெப்ரான் தேவாலயம் அது என்பது அந்தப் பகுதி மரபு. 1740-ல் கட்டியது, இன்றும் வழிபாடு நடக்கிறது.

முதலில் வழிபாடு. பிறகு இரண்டு ஃபிடில் வைத்து இசை. அது முடிந்ததும் வேட்பாளர்கள் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். வெளியே, பனிமேல் நின்றுகொண்டு, சாசனத்தின் நுணுக்கங்களைப் பற்றி. மக்கள் பொறுமையாக நின்று கேட்டார்கள்; இது ஏதோ ஒரு சண்டை, பார்க்க வேண்டியது தங்கள் கடமை என்று நினைத்தது போல இருந்தது என்கிறார் மாடிசன். அன்று இரவு தங்குமிடத்துக்கு 12 மைல் குதிரையில் போனதில் மூக்கில் பனி கடித்துவிட்டது. அந்தத் தழும்பைத் தொட்டுக் காட்டித்தான் டிரிஸ்ட்டிடம் இந்தக் கதையைச் சொன்னார். ஐந்தடி நான்கு அங்குல உயரம், மெல்லிய குரல், எப்போதும் உடம்புக்கு ஏதாவது ஒன்று. அந்த மனிதர் அந்த இரவில் போன 12 மைலை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன்.

பாப்டிஸ்டுகளை ஏன் இவ்வளவு முக்கியமா சொல்றீங்க?

ஏனென்றால் அவர்களுக்கு உரிமைகள் என்பது ஏட்டுப் பேச்சு இல்லை, சிறை அனுபவம். பிரிட்டிஷ் காலத்தில் வர்ஜீனியாவின் அரசு மதம் ஆங்கிலிகன் சபை. மற்றவர்களும் அதற்கு வரி கட்ட வேண்டும். உரிமம் இல்லாமல் போதித்த பாப்டிஸ்டுகளைப் பிடித்து அடைத்தார்கள். ஜேம்ஸ் அயர்லண்ட் என்ற போதகர் கல்பெப்பர் சிறையின் ஜன்னல் கம்பி வழியாகவே வெளியே நின்ற மக்களுக்குப் பிரசங்கம் செய்தார். 1774 ஜனவரியில், 22 வயது மாடிசன், பக்கத்துக் கவுன்ட்டியில் நல்ல மனிதர்கள் ஐந்தாறு பேர் மத நம்பிக்கையைச் சொன்னதற்காகச் சிறையில் கிடக்கிறார்கள் என்று கொதித்துப்போய் நண்பருக்கு எழுதினார்.

அந்தக் கொதிப்பு அடங்கவில்லை. 1785-ல் மதப் போதகர்களுக்கு வரி விதிக்கும் திட்டத்தை எதிர்த்து மனு எழுதினார். 1786-ல் நண்பர் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டத்தை வர்ஜீனியா சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். பாப்டிஸ்டுகள் இதை மறக்கவில்லை. 1789 ஜனவரியில் ஒரு கூட்டத்தில் மாடிசனுக்கு எதிராகப் பேச்சு எழுந்தபோது ஜார்ஜ் ஈவ் எழுந்து, இந்த மனிதர் நமக்குச் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று வாதாடினார். தேர்தல் முடிந்ததும் ஜான் லீலண்ட் என்ற இன்னொரு போதகர் வாழ்த்துக் கடிதம் அனுப்பினார். என் முயற்சியால் வேறு எதுவும் நடக்காவிட்டாலும் உங்களுக்கு ஒரு ஓட்டாவது நிச்சயம் கிடைத்தது என்று அதில் எழுதியிருந்தார்.

கவுன்ட்டி வாரியா கணக்கு இருக்கா சார்?

இருக்கிறது. இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். மாடிசன் எண் முதலில், மன்றோ எண் அடுத்து. ஆரஞ்சு 216–9. கல்பெப்பர் 256–103. லூயிசா 228–124. அல்பமார்ல் 174–105. இவை நான்கும் மாடிசன் பக்கம். ஆம்ஹர்ஸ்ட் 145–246. ஸ்பாட்சில்வேனியா 115–189. ஃபுளுவன்னா 42–63. கூச்லண்ட் 132–133. இவை நான்கும் மன்றோ பக்கம். கூச்லண்டில் ஒரே ஓட்டு!

கவுன்ட்டிக் கணக்கில் நாலுக்கு நாலு. ஆரஞ்சு சொந்த ஊர், அங்கே 207 ஓட்டு முன்னிலை வந்தது பெரிய அதிசயமில்லை. கல்பெப்பரைப் பாருங்கள். மேலே தொகுதி பற்றிய பதிலில், ஐந்து கவுன்ட்டிகள் சாசனத்தை எதிர்த்தன என்றேன். அந்த ஐந்தில் மாடிசன் பக்கம் திரும்பியது கல்பெப்பர் ஒன்றுதான், அதுவும் 153 ஓட்டு வித்தியாசத்தில். போதகர் சிறையிலிருந்து பேசியது அங்கே. பனியில் நின்று கேட்ட லூத்தரன்கள் இருந்தது அங்கே. ஆரஞ்சையும் கல்பெப்பரையும் எடுத்துவிட்டுக் கூட்டினால் மாடிசன் 836, மன்றோ 860. மன்றோ 24 ஓட்டில் முன்னால் இருக்கிறார்.

336 ஓட்டு வித்தியாசத்தைப் போய் நெருக்கமான போட்டிங்கிறீங்களே?

நம் தொகுதிகளில் லட்சக்கணக்கில் ஓட்டு விழுகிறது, அந்தக் கண்ணால் பார்த்தால் 336 ஒன்றுமே இல்லை. அங்கே விழுந்த மொத்த ஓட்டு 2,280. சதவீதத்தில் 57-க்கு 43, இது மிக நெருக்கம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் 168 பேர் பெயரை மாற்றிச் சொல்லியிருந்தால் இருவருக்கும் தலா 1,140, சரிசமம். எட்டு நீதிமன்றக் கட்டடங்களில் 168 பேர் என்றால் ஓர் இடத்துக்கு 21 பேர். ஒரு தேவாலயக் கூட்டத்தில் நிற்கிற எண்ணிக்கை அது.

ரெண்டு பேருமே திருத்தம் வேணும்னுதான் சொன்னாங்க. அப்போ வித்தியாசம் என்ன?

மூன்று, நான்கு வருட மாணவர்களில் ஒருவராவது இதைப் பிடித்துவிடுவார். நல்ல கேள்வி. வித்தியாசம் வழியில் இருந்தது. 1788 நவம்பரில் வர்ஜீனியா சட்டமன்றம் இரண்டாவது மாநாடு கூட்ட வேண்டும் என்று கேட்டது. எதிர்-ஃபெடரலிஸ்டுகள் பலரின் நோக்கம் சாசனத்தை மறுபடி பிரித்துப் போடுவது. அதோடு, மத்திய அரசு நேரடி வரி விதிக்கும் அதிகாரத்தையும் கட்டுப்படுத்த விரும்பினார்கள். மன்றோவுக்கும் அந்த வரி அதிகாரம் பெரிய கவலை.

மாடிசன் சொன்னது: மாநாடு வேண்டாம், சாசனத்தின் 5ஆவது பிரிவில் சொன்ன வழியில் நாடாளுமன்றமே திருத்தங்களை முன்மொழியட்டும், தனிமனித உரிமைகளைச் சேர்ப்போம், அரசின் அடிப்படை அதிகாரத்தைத் தொட வேண்டாம். வீட்டுக்குப் பூட்டுப் போடுவதற்கும், சுவரை இடித்துக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வகுப்பில் சொல்வேன்.

மாடிசன் முதல்ல உரிமைகள் மசோதா தேவையில்லைன்னவர்தானே? ஓட்டுக்காகப் பல்டி அடிச்சாரா?

முதல் பாதி சரி. 1788 அக்டோபரில் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில்கூட, மாநிலங்களில் பெரும்பான்மை பொங்கி எழுந்தபோதெல்லாம் இந்த மாதிரிப் பட்டியல்கள் வெறும் காகித வேலிகளாகத்தான் நின்றன என்று எழுதினார். ஆனால் அதே கடிதத்தில், ஒரு பட்டியல் இருப்பதை நான் எதிர்க்கவில்லை, சரியாக எழுதினால் பயன்படலாம் என்றும் சொன்னார். பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சன் ஏற்கெனவே, எந்த அரசுக்கு எதிராகவும் மக்களுக்கு உரிமைப் பட்டியல் கிடைத்தாக வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். தேர்தலுக்கு முன்பே மனம் அசைய ஆரம்பித்திருந்தது.

தேர்தல் அதை வேகப்படுத்தியது, உறுதியான வாக்குறுதியாக்கியது. தோற்றுவிடுவோம் என்ற பயம் அதில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல்டி என்ற வார்த்தையை நான் ஏற்கவில்லை. மனசாட்சி உரிமைக்காக 1774-லிருந்து போராடியவர் (பாப்டிஸ்ட் பதிலைப் பாருங்கள்), அதே உரிமையை நாட்டுச் சாசனத்தில் எழுதித் தருகிறேன் என்று அதே மக்களிடம் சொல்கிறார். வாக்காளர்கள் கேட்டார்கள், வேட்பாளர் மனம் மாறினார். தேர்தல் என்பது இதற்குத்தானே.

ஜெயிச்ச பிறகு சொன்னதைச் செஞ்சாரா?

செய்தார். 1789 ஜூன் 8 அன்று பிரதிநிதிகள் சபையில் திருத்தங்களை முன்வைத்தார். சபையில் யாருக்கும் அவசரம் இல்லை. சுங்க வரி, புதிய துறைகள், நீதிமன்றங்கள் என்று தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, இது இப்போது எதற்கு என்றார்கள். அவர் சார்ந்த ஃபெடரலிஸ்டுகளே அப்படித்தான் பேசினார்கள். மாடிசன் விடவில்லை, மறுபடி மறுபடி எழுந்து கேட்டார். ஆகஸ்டில் சபை 17 திருத்தங்களை நிறைவேற்றியது, செனட் அதை 12 ஆகச் சுருக்கியது, செப்டம்பர் 25 அன்று மாநிலங்களுக்கு அனுப்ப ஒப்புதல் ஆனது. 1791 டிசம்பர் 15 அன்று வர்ஜீனியா ஏற்றதோடு 10 திருத்தங்கள் சாசனத்தில் சேர்ந்தன. அதைத்தான் உரிமைகள் மசோதா என்கிறோம்.

ஈவுக்கு எழுதிய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மனசாட்சியும் பத்திரிகையும் 1ஆவது திருத்தம். வாரண்ட் 4ஆவது. ஜூரி 6, 7. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனை கூடாது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 5ஆவது திருத்தம். நம் அரசியலமைப்பின் 20ஆவது பிரிவில் நீங்கள் படிப்பதும் அதுவேதான். அவர் கேட்டு நடக்காததும் ஒன்று உண்டு. மனசாட்சி, பத்திரிகை, ஜூரி உரிமைகளை மாநில அரசுகளும் மீறக்கூடாது என்று ஒரு திருத்தம் வைத்தார். பட்டியலிலேயே மதிப்புமிக்கது இது என்று அவர் சொன்ன அந்தத் திருத்தத்தை செனட் நீக்கிவிட்டது.

மன்றோ ஜெயிச்சிருந்தா உரிமைகள் மசோதாவே வந்திருக்காதா?

அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பல மாநிலங்கள் திருத்தம் கேட்டிருந்தன. வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் அப்போது ஒன்றியத்தில் சேரவே இல்லை. அழுத்தம் இருந்தது. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன அந்த அலட்சியமான சபையில், மாநிலங்கள் அனுப்பிய கோரிக்கைக் குவியலை உட்கார்ந்து படித்து, பொறுக்கி, எழுதி, மறுபடி மறுபடி எழுந்து நின்று கேட்கக்கூடிய இன்னொருவரை எனக்குத் தெரியவில்லை. வந்திருந்தாலும் வேறு வடிவில், வேறு காலத்தில் வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லையா?

இந்தத் தேர்தலால் நட்பு கெடவில்லை. இருவரும் ஏற்கெனவே நண்பர்கள், 1786-ல் நியூயார்க்கின் மோஹாக் பள்ளத்தாக்கில் கூட்டாக நிலம் வாங்கியவர்கள். தோற்றதும் மன்றோ ஜெஃபர்சனுக்கு எழுதினார்: என்னை நிற்கச் சொன்னவர்களுக்காக நின்றேன், சொந்த லாபம் எதுவும் தேடவில்லை, மாடிசனை வெளியே நிறுத்தியிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். மாடிசனும் டிரிஸ்ட்டிடம் சொன்னது, எங்களுக்குள் ஓர் அணுவளவும் கசப்பு இல்லை என்றுதான்.

கசப்பு வந்தது பிறகு, 1808-ல். ஜனாதிபதி தேர்தலில் மாடிசனுக்கு எதிராக மன்றோவை அவருடைய ஆதரவாளர்கள் நிறுத்தினார்கள். கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 1811-ல் மாடிசன் அவரை வெளியுறவு அமைச்சராக்கியதும் எல்லாம் சரியானது. 1829-ல் வர்ஜீனியா அரசியல் சாசன மாநாட்டில் இருவரும் முதியவர்களாக உட்கார்ந்திருந்தபோது, தலைமைக்கு மன்றோவின் பெயரை முன்மொழிந்தவர் மாடிசன். நாற்காலி வரை கூடவே நடந்து போனார்.

உரிமை உரிமைன்னு பேசினவங்க அடிமைகளை வெச்சிருந்தாங்களே?

வைத்திருந்தார்கள். மாடிசனும் மன்றோவும் இருவருமே. 1790 மக்கள்தொகைக் கணக்கில் வர்ஜீனியாவின் 7,47,610 பேரில் 2,92,627 பேர் அடிமைகள். அவர்களில் ஒருவரும் அந்த மேசை முன் வந்து பெயர் சொல்லவில்லை. ஆனால் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போடுவதற்கு மட்டும் சாசனம் அவர்களை ஐந்தில் மூன்று பங்காகச் சேர்த்துக்கொண்டது. ஓட்டு இல்லை, ஆனால் அவர்கள் தலையை எண்ணி எஜமானர்களுக்கு அதிக இடம்.

மாடிசனுக்கு இது தெரியாமல் இல்லை. 1783-ல் பில்லி என்ற அடிமை இளைஞரை பிலடெல்பியாவிலேயே விட்டுவர முடிவு செய்து அப்பாவுக்கு எழுதினார். நாம் இவ்வளவு ரத்தம் சிந்தி வாங்கிய, ஒவ்வொரு மனிதனுக்கும் உரியதென்று அடிக்கடி சொல்கிற சுதந்திரத்துக்கு ஆசைப்பட்டதற்காக அவனை எப்படித் தண்டிப்பது என்று கேட்டார். இதை எழுதியவர் சாகும்வரை தன் அடிமைகளை விடுவிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே மாணவர்களிடம் சொல்கிறேன். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைத்தால் அது பாடம் இல்லை.

மாநிலங்களுக்கு 12 போச்சு, 10தான் வந்துச்சுன்னீங்க. மீதி ரெண்டு என்ன ஆச்சு?

ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அது அடுத்த தேர்தலுக்குப் பிறகே அமலாக வேண்டும் என்பது. போதிய மாநிலங்கள் ஏற்காமல் கிடந்தது, எல்லோரும் மறந்தே போனார்கள். 1982-ல் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவர், இதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை, இப்போதும் ஏற்கலாம் என்று கட்டுரை எழுதினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது குறைந்த மதிப்பெண். அவர் சோராமல் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1992-ல் அது 27ஆவது திருத்தமானது. அனுப்பியதிலிருந்து 202 வருடம்.

மற்றொன்று, எத்தனை மக்களுக்கு ஒரு பிரதிநிதி என்ற விகிதம் பற்றியது. அதற்கும் காலக்கெடு கிடையாது, இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.